நூல் என்னும் சொல்லும் நூலறிவின் எல்லையும்

நெய்வான் கையில் இருப்பதும் நூல். கற்பான் கையில் இருப்பதும் நூல். ஒன்று பஞ்சினால் ஆயது. மற்றொன்று சொல்லினால் ஆயது. ஒன்று உடம்பின் மானத்தைக் காப்பது. மற்றொன்று உயிரின் மானத்தைக் காப்பது. இவ்விரண்டனையும் தமிழ் மக்கள் ஒரே சொல்லாற் குறித்துப் போந்தனர். இஃது ஒலியொப்புமையால் நேர்ந்ததோ, அன்றிப் பொருளொப்புமை கருதி அறிவுடையோர் அமைத்த வழக்கோ என்பது ஆராயத்தக்கது. இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றொழிவதன்று. நூல் எதன்பொருட்டு உளதாயிற்று என்பது தெளிந்தாலன்றி, அதனைக் கற்றவன் கற்றதனால் எய்தும் பயன் யாது, எய்தாதொழிவது யாது என்பது தெளிதல் அரிது. பல நூல்களை ஐயந்திரிபறக் கற்றும் மனக்கோட்டம் நீங்காதாரையும், கல்வியாற் பெயர் பெறாதே திருவடி எய்தினாரையும் உலகம் கண்டிருத்தலின், நூலறிவு வீட்டிற்கு ஏதுவோ அன்றோ என்னும் வினாச் சைவ நன்மக்கள் ஒவ்வொருவரையும் தொடுவதாம்.

முதற்கண் சொல்லின் வரலாறு. நூல் என்பது பஞ்சினை முறுக்கி நீட்டிய இழைக்குப் பெயர். தமிழில் மட்டுமன்றி மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய இனமொழிகளிலும் இச்சொல் இழை என்னும் பொருளில் வழங்குகின்றது. ஆதலின் இழைப்பொருளே தொன்மையானது என்பதும், ஏட்டுப் பொருள் அதனினின்றும் தோன்றியது என்பதும் துணியப்படும். நூற்றல் என்னும் வினையும் இதனொடு பிறந்ததே. தமிழ்நாட்டில் நூற்றற்றொழில் மிகப் பழைமையானது என்பதற்குக் கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் தக்களிகள் கண்கூடான சான்றாம். புறநானூற்றில் நூற்கும் பெண்டிரது பஞ்சினைப் பனுவல் என்னும் சொல் குறிக்கின்றது. அச்சொல்லே பின்னர்ப் புலவர் யாத்த நூலுக்கும் பெயராயிற்று. பா என்பது செய்யுளையும் குறிக்கும். தறியில் நீளவாட்டில் விரித்த இழைத் தொகுதியையும் குறிக்கும். இப்பின்னையதனைப் பாவு எனவும் வழங்குவர். செய்யுளாகிய பாவுக்குப் பரந்துபட்டுச் செல்லும் ஓசை என்று பேராசிரியர் பொருள் காட்டினார். தறியிலுள்ள பாவும் பரப்பி விரிக்கப்படுவதே யாகலின், ஈரிடத்தும் பரத்தற்பொருள் காணப்படுகின்றது.

எனினும் ஒலி ஒன்றாயிருத்தல் பற்றியே பொருளும் ஒன்றெனத் துணிதல் பிழையாம். நெய்தற்றொழிலைக் குறிக்கும் நெய் என்பதும், ஆவின் நெய்யைக் குறிக்கும் நெய் என்பதும் ஒலியால் ஒன்றே. மொழியாராய்ச்சியாளர் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்வர். நூல் என்பதன்கண் நிகழ்ந்தது அத்தகைய தற்செயல் அன்று. இறையனார் களவியலுக்கு உரைகண்டார், நூல் போறலின் நூல் எனப்பட்டது என்று உவமையாகு பெயராகவே அதனை விளக்கினார். நுண்ணிய பஞ்சு நுனிகள் பலவற்றைக் கைவல்ல பெண் ஓரிழைப் படுத்துதல் போல, பரந்துகிடக்கும் சொற்களைப் புலவன் தன் உணர்வின் மாட்சியால் ஒரு முறைப்படக் கோத்தலே நூல் செய்தல் என்பது அவ்வுரையின் கருத்து.

நன்னூல் செய்த பவணந்தியார் இதனையே மேலும் விரித்தார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவனது வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் அவர் உருவகித்தார். கதிர் என்பது இழை முறுக்கேறிச் சுற்றப்படும் கருவி. பஞ்சின் தனி இழை ஏறத்தாழ ஓரங்குல நீளமே உடையது. அத்தகைய சிறு துணுக்குகள் ஒன்றையொன்று பற்றி நூறு முழ நூலாய் நிற்றற்குக் காரணம் முறுக்கு ஒன்றே. முறுக்கு நெகிழ்ந்தால் நூல் மீட்டும் பஞ்சாய் உதிரும். நூலிற்கு முறுக்கு எத்தகையதோ, அத்தகையதே புலவன் சொற்களுக்கு அவனது மதி. மதியின் முறுக்கு இல்லாதவழிச் சொற்கள் எத்துணை மிகினும் பஞ்சுக் குவியலே யன்றி நூலாகா.

பவணந்தியார் இவ்வளவில் அமையாது மற்றொரு விளக்கமும் தந்தார். தச்சன் மரத்தின்மேல் எற்றும் நூலும் நூலே. மரத்தின் கோட்டத்தை அந்நூல் காட்டித் தீர்ப்பது போல, மாந்தரது மனக்கோட்டத்தைத் தீர்ப்பதே கற்கும் நூலின் மாண்பு என்றார். இவ்விரு விளக்கங்களும் இருவேறு கேள்விகளுக்கு விடையாவன. நூல் எங்ஙனம் ஆகின்றது என்பதற்கு முன்னையது விடை. நூல் எதற்கு ஆகின்றது என்பதற்குப் பின்னையது விடை. முன்னையதனை மட்டும் அறிந்தவன் புலவன் ஆவான்; பின்னையதனையும் தன்மேல் வைத்துப் பார்த்தவனே கற்றவன் ஆவான்.

வடமொழியினும் இவ்வழக்கு உண்டு. சூத்திரம் என்பதற்கு முதற்பொருள் இழை. அதன்பின்னரே சுருங்கிய சொல்லாற் பெரும்பொருள் பயக்கும் வாக்கியத்தை அது குறித்தது. கிரந்தம் என்பது கட்டுதல், கோத்தல் என்னும் பொருளுடைய பகுதியிற் பிறந்தது. தந்திரம் என்பது விரித்தல் என்னும் பொருளுடைய பகுதியிற் பிறந்து, வேதத்தில் தறியையும் தறியில் விரித்த பாவையும் குறித்துப் பின் ஆகமத்திற்குப் பெயராயிற்று. திருமூலர் தம் திருமந்திரத்தை ஒன்பது தந்திரமாக வகுத்தமையும் நினைக்கத்தக்கது. பிற நாடுகளிலும் நிகழ்ந்தது இதுவே. ஆங்கிலர் மூலபாடத்தை டெக்ஸ்டு என்பர். அதன் மூலமாகிய இலத்தீன் சொல் நெய்தலைக் குறிப்பது. சீனர் தம் முதுநூல்களைச் சிங் என்பர்; அச்சொல் தறியின் பாவு என்னும் பொருளும் உடையது. புத்த சூத்திரங்களை மொழிபெயர்த்த காலத்து அச்சொல்லையே அவர்கள் ஆண்டனர். ஒன்றையொன்று அறியாத மக்கள் பலர் ஒரே உவமையை நாடினர் எனின், அவ்வுவமை பொருளின் இயல்பிலேயே வேரூன்றியது என்பது பெறப்படும்.

தந்திரம் என்னும் சொல்லுக்குக் காமிகாகமம் ஒரு பொருள் கூறும். தத்துவம், மந்திரம் ஆகிய பெரும்பொருள்களை விரித்தலானும், உயிர்களைக் காத்தலானும் அது தந்திரம் எனப்பட்டது என்பது அதன் கருத்து. விரித்தல் ஒன்று; காத்தல் ஒன்று. தறியில் விரித்த பாவும் பின்னர் ஆடையாகிக் குளிரினின்றும் காக்கின்றது. ஆனால் இன்று தமிழர் வாயில் தந்திரம் என்னும் சொல் பெரும்பாலும் எதனைக் குறிக்கின்றது? வஞ்சகத்தையும் சூழ்ச்சியையும் குறிக்கின்றது. உயிரைக் காக்கும் நூலுக்குப் பெயராய் நின்றது, பிறரை ஏமாற்றும் திறத்துக்குப் பெயராயிற்று. சொற்கள் இங்ஙனம் இழிதல் உலகியல்பு என்று கூறி அமைதல் எளிது. விரிக்குந் திறத்தைக் கற்றுக் காக்குந் தொழிலைக் கைவிட்டார் கையிற் பட்டால் எந்நூலும் இக்கதியே எய்தும் என்பதை இச்சொல்லின் வாழ்வே காட்டி நிற்கின்றது. அறிவு அருளை விட்டுப் பிரிந்தவழி அதற்குச் சூழ்ச்சி என்பதன்றி வேறு பெயர் இல்லை.

இனி, நூலினின்றும் ஆடை தோன்றுமாற்றை நோக்குக. நூற்ற இழையை நெய்வார் நீளமாகப் பாவு ஓட்டுவர். கஞ்சியிட்டு உலர்த்தி உரமேற்றுவர். விழுதின் கண்களிலும் அச்சின் பற்களிலும் ஒவ்வோர் இழையாகப் புகுத்துவர். குழித்தறியில் அமர்ந்து காலால் மிதிக்குந்தோறும் பாவின் இழைகளிற் பாதி மேலெழும், பாதி கீழ்த்தாழும். அவற்றின் ஊடே நாடா குறுக்கே ஓடும். அது விட்டுச்சென்ற ஊடையிழையை அச்சு அறைந்து செறிக்கும். ஊடு செல்வதாகலின் அது ஊடை எனப்பட்டது. இவ்வளவே தொழில். எனினும் இச்சிறு தொழிலின்கண் தருக்க நூலார் பல நூற்றாண்டு வாதித்த பெருவினா ஒன்று அடங்கிக் கிடக்கின்றது. கடம் படம் என்று அவர் எடுத்துக்காட்டும் இரண்டனுள் படம் என்பது ஆடையே யன்றோ?

ஆடை நெய்யப்படுமுன் உளதோ, இலதோ என்பது அவ்வினா. நையாயிகர், இலதே புதிதாய்த் தோன்றியது என்பர். நூல் உடம்பை மறைக்கமாட்டாது, ஆடை மறைக்கும். ஆகலின் ஆடை நூலின் வேறாகிய புதுப்பொருள் என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின், ஆடை வேண்டுவான் நூலையே தேடுதல் எற்றுக்கு? இல்லது தோன்றுமாயின் மண்ணினும் மணலினும் ஆடை தோன்றுதல் வேண்டும். அவ்வாறு தோன்றாமையின், ஆடை நூலின்கண் சத்தி வடிவமாய் அடங்கி நின்றே வெளிப்பட்டது என்பது தெளிவு. இதுவே சைவ சித்தாந்திகள் உடன்பட்ட சற்காரிய வாதம். இல்லது வாராது, உள்ளது போகாது என்பது இதன் சுருக்கம்.

அற்றேல், நூலே ஆடையாக அமையும். நெய்வான் எற்றுக்கு எனின், சாங்கியர் கூற்று இத்தகையது. மூலப்பகுதி தானே உலகமாய் விரியும் என்பர் அவர். நூற்பொதி ஒன்று வீட்டின் மூலையில் ஆயிரம் ஆண்டு கிடப்பினும் தானே ஆடையாதல் யாண்டும் கண்டதில்லை. சடப்பொருள் தன் பயனைத் தான் அறியாது. அறியாதது முறைப்படத் தொழிற்படாது. ஆகலின் நூல் முதற்காரணமாகவும், தறியும் நாடாவும் துணைக்காரணமாகவும், நெய்வான் நிமித்த காரணமாகவும் வேண்டப்பட்டன. உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன். சிவஞான போதத்தின் முதற் சூத்திரம் நிறுவுவது இவ்வுண்மையே. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாகலின் ஒருவனை உடையது என்றார் மெய்கண்டார்.

ஆடையென ஒன்றில்லை, நூலே உளது. ஆடை என்பது பெயரும் வடிவும் மாத்திரையே என்பாரும் உளர். அவர்தாமும் குளிர்காலத்து நூற்கழியைச் சுற்றிக்கொண்டு அமையார், ஆடையையே நாடுவர். பயன் வேறுபடுதலின் ஆடையாகிய நிலையும் உள்பொருளே. இனி, சிலந்தி தன்னினின்றும் நூலை விடுத்துப் பின் தன்னுள் அடக்குதல் போலப் பிரமமே உலகின் முதற்காரணமும் நிமித்த காரணமும் ஆம் என்று முண்டகோபநிடத உவமையைக் காட்டுவாரும் உளர். சிலந்தியின் நூல் அதன் உயிரினின்றும் பிறந்ததோ, உடம்பினின்றும் பிறந்ததோ என வினவின் அவ்வுவமையின் உண்மை விளங்கும். நூல் பிறந்தது சடமாகிய உடம்பினின்று. அதனை இயக்கியது உயிர். ஆகவே சிலந்தியும் முதற்காரணம் வேறு, நிமித்த காரணம் வேறு என்பதற்கே சான்றாய் முடிந்தது.

நெய்வான் தான் உடுத்தற்கென்றே நெய்வதில்லை; உடுப்பார்க்கென நெய்கின்றான். இறைவனும் தனக்கொரு பயன் வேண்டி உலகைப் படைத்தானல்லன். ஆணவ இருளிற் கிடந்து நடுங்கும் உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய ஆடையை அவரவர் வினைக்கேற்ற நிறமும் கரையும் அமைத்து அருள்கின்றான். ஓருயிர் அணிந்த உடம்பின் கோலம் கண்டு அவ்வுயிரை இகழ்வான், உடையைக் கண்டு உடையானை இகழும் பேதையே ஆவான்.

நெசவுச் சொற்கள் மறைமுடிவினும் இடம் பெற்றன. விதேக மன்னனாகிய சனகனது அவையில் கார்க்கி என்னும் அறிவுடைப் பெண் யாஞ்ஞவற்கியரை வினாவியதைப் பிருகதாரணியக உபநிடதம் கூறுகின்றது. இவையெல்லாம் நீரிற் பாவும் ஊடையுமாய் நெய்யப்பட்டிருப்பின், நீர் எதன்கண் அங்ஙனம் நெய்யப்பட்டுளது என்று தொடங்கி அவள் மேன்மேலும் வினாவினாள். ஓதம், புரோதம் என்னும் அச்சொற்கள் இரண்டும் நெய்தற்பொருட் பகுதியிற் பிறந்தன. தமிழில் ஓதப்புரோதம் என அவை இணைந்து வழங்கும். முடிவில் அனைத்தும் ஆகாயத்தினும், ஆகாயம் அழிவில்லாத அக்கரத்தினும் அவ்வாறு நெய்யப்பட்டன என்று முனிவர் விடை பகர்ந்தார். இம்மையையும் மறுமையையும் எல்லா உயிர்களையும் கோத்து நிற்கும் சூத்திரம் யாது, உள்நின்று இயக்கும் அந்தரியாமி யாவன் என்னும் வினாவும் அவ்வவையிலேயே எழுந்தது.

இறைவன் உலகுயிர்களோடு நிற்கும் நிலையைச் சித்தாந்தம் ஒன்றாய், வேறாய், உடனாய் என வகுத்துக் கூறும். பாவும் ஊடையும் காட்டும் நிலை இதற்கு ஓரளவு துணையாம். ஆடையைத் தொட்டவன் ஒருங்கே இரண்டனையும் தொடுகின்றான். ஆதலின் அவை ஒன்று. எண்ணிப் பார்ப்பவனுக்குப் பாவு பாவே, ஊடை ஊடையே. ஆதலின் அவை வேறு. ஒன்றினை உருவி நீக்கின் ஆடை இல்லையாம். ஆதலின் அவை உடன். எனினும் உவமை எல்லையின்றிச் செல்லுதல் கூடாது. பாவும் ஊடையும் ஒரு தன்மையன, இரண்டும் சடம், ஒன்றற்கு ஒன்று தாழ்ந்ததன்று. இறைவனும் உயிரும் அங்ஙனமல்லர். உயிர் இறைவனையின்றி நில்லாது. இறைவனோ உயிரையின்றியும் குறைவிலன். அதுபற்றியே ஆசிரியர் உடலுயிர், கண்ணொளி, அகரவுயிர் முதலிய உவமைகளையும் வேண்டினர். ஓருவமை ஒரு பக்கத்தைக் காட்டும். அப்பக்கத்தின் அளவே அதனைக் கொள்ளுதல் அறிவுடைமை.

இத்துணையும் ஆராய்ந்தார்க்குத் தொடக்கத்திலே குறித்த வினா மீட்டும் எழும். நூல் சொல்லால் ஆயது. சொல் நாதத்திற் பிறந்தது. நாதமோ சுத்த மாயையின் காரியம். ஆகவே நூலறிவு பாசஞானத்துள் அடங்கும். பாசஞானத்தாற் பதியை உணர்தல் இயலாது என்று சிவஞான போதத்தின் ஒன்பதாம் சூத்திரம் விலக்கிற்று. அங்ஙனமாயின் நூலால் ஆவது என்னை? மேலும் நுண்ணிய நூல் பலவற்றைக் கற்பினும் ஊழால் அமைந்த அறிவே மேற்பட்டு நிற்கும் என்று திருவள்ளுவரும் உரைத்தார். கற்றலால் ஊழும் தீர்ந்திலது, பதியும் புலப்பட்டிலன் எனின், கற்றோரை உலகம் மதித்தல் எற்றுக்கு?

இவ்வினாவுக்கு விடை தச்சனது நூலிலேயே உளது. தச்சன் நூலை மரத்தின்மேல் எற்றுகின்றான். அஃது ஒரு கோடு இட்டு நீங்குகின்றது. அக்கோட்டின் வழியே வாள் செல்லுகின்றது. அறுத்து முடிந்தபின் நூலும் இல்லை, கோடும் இல்லை. நேராகிய மரமே உளது. நூல் தானே மரத்தை அறுத்திலது. ஆயினும் நூலிடாது அறுத்த மரம் நேராவதும் இல்லை. நூலறிவும் அத்தகையதே. அது மலத்தை அறுக்கும் வாள் அன்று. வாள் செல்லும் வழியைக் காட்டும் கோடு. அறுப்பது திருவருள். எட்டாம் சூத்திரம் கூறுமாறு இறைவனே குருவாய் எழுந்தருளி உணர்த்துவான். எனினும் கோட்டம் இன்னதெனத் தன்னைத்தான் அறியாதவன் குருவின் சொல்லைப் பெற்றும் கொள்ளமாட்டான். கோடே பயன் என்று மகிழ்ந்து மரத்தை அறுக்காது விடுபவனும் பேதை. அறுக்கப்போகும் மரத்திற்குக் கோடு எற்றுக்கு என்று நூலை எறிந்தவனும் பேதை. முன்னவன் பிழை கற்றோர்க்கு வருவது. பின்னவன் பிழை கல்லாமையைப் பத்தியென மயங்குவார்க்கு வருவது.

ஞானத்திற்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படி கூறப்படும். நெசவிலும் இதற்கொப்பான முறை உண்டு. கேட்டல் பஞ்சினைத் திரட்டுதல் போல்வது. சிந்தித்தல் அதனை முறுக்கி நூற்றல் போல்வது. தெளிதல் பாவும் ஊடையும் பிணைய நெய்தல் போல்வது. நிட்டை அவ்வாடையை உடுத்து வேறொன்று நினையாதிருத்தல் போல்வது. நூற்பொதிகளை வீடு நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு மார்கழிக் குளிரில் நடுங்குவான் ஒருவன் உளனாயின், அவனைக் கண்டு நகாதார் இலர். ஏடுகளை அடுக்கிவைத்துச் சினத்தாலும் செருக்காலும் நடுங்குவானோ நகைப்புக்கு இடமாதல் இல்லை, மதிப்புக்கே இடமாகின்றான். இரண்டும் ஒரே நடுக்கம் என்பதை உணர்தலே இச்சொல்லாராய்ச்சியின் பயன்.

அற்றேல், நூற்புலமையாற் பெயர் பெறாதார் வீடு எய்தினர் என்பது எங்ஙனம் எனின், அதற்கு நேச நாயனாரது வரலாறு விடை தரும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் அவரைப் பெயர் கூறி வணங்கினார்; சேக்கிழார் பெருமான் அவரது வரலாற்றை அருளினார். காம்பீலி என்னும் நகரில் நெய்வார் குலத்திற் பிறந்தவர் அவர். தம் மனத்தின் செயலைச் சிவபெருமான் திருவடிக்கும், வாக்கின் செயலைத் திருவைந்தெழுத்துக்கும், கையின் தொழிலை அடியார்க்கும் ஆக்கினார் என்பதே அவரது வரலாற்றின் சாரம். உடையும் கீளும் கோவணமும் நெய்து, நாடிவந்த அடியார்க்கு இடைவிடாது அளித்து வந்தார். அவர் செய்த அற்புதம் எதனையும் சேக்கிழார் கூறவில்லை. வாதில் வென்றதாகவும் கூறவில்லை. இவ்வளவே கூறி, அவர் இறைவன் திருவடி நிழல் எய்தினார் என்று முடித்தருளினார்.

இவ்வரலாற்றைச் சிவஞான போதத்தின் முடிவோடு வைத்து நோக்குக. பாசத்தாற் பதியை உணர்தல் கூடாதென விலக்கிய ஒன்பதாம் சூத்திரம், அதற்குச் சாதனமாகத் திருவைந்தெழுத்தை விதித்தது. அது நாயனாரது வாக்கில் நின்றது. பன்னிரண்டாம் சூத்திரம், மலங் கழுவி, அன்பரோடு கூடி, நேயம் மிக்க அடியாரது திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே தொழுதல் வேண்டும் என்றது. அது நாயனாரது கையில் நின்றது. கோவணமும் கீளும் அடியாரது திருவேடத்தின் உறுப்புக்கள். அவற்றை நெய்தவர் திருவேடத்தையே நெய்தவர் ஆவர். மெய்கண்டார்க்கு முற்பட்டவராகிய அவர் அந்நூலைக் கண்டாரல்லர். ஆயினும் அந்நூல் எங்கே கொண்டு சேர்க்குமோ அங்கே அவர் முன்னரே நின்றார். ஆகவே நூற்பயன் இன்றி அவர் வீடு எய்தினார் என்றல் பொருந்தாது. கோட்டம் தீர்தலே நூலின் பயன் எனின், அப்பயன் நாயனார்பால் நிறைந்திருந்தது.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். நூலறிவு வீட்டிற்கு நேரே ஏதுவன்று. ஆயினும் அதனை இகழ்தல் கூடாது, வழிகாட்டும் கோடாகலின். இஃது ஒன்று. நூலறிவின் நிறைவுக்கு அடையாளம் வாதிட்டு வெல்லுதல் அன்று. பிறவுயிரின் நடுக்கத்தைத் தன் நடுக்கமாகக் கண்டு ஓர் ஆடையேனும் அளிக்க எழும் நேயமே. இது மற்றொன்று. முதற் சூத்திரம் உலகாகிய ஆடைக்கு ஒரு நெய்வான் உளன் என்று காட்டித் தொடங்கியது. இறுதிச் சூத்திரம் அவனுடைய அடியாரைத் தொழுது அவரோடு கூடியிருக்கச் சொல்லி முடிந்தது. இடையிலுள்ளன வெல்லாம் இவ்விரண்டனையும் இணைக்கும் இழைகளே.

நூல் என்னும் சொல்லைப் புலவர் நெய்வாரிடத்தினின்றும் கடன் பெற்றனர். கடன் பெற்றார் அதனை மறத்தல் நன்றன்று. தாம் உடுத்த ஆடையை நெய்த கையை இழிவென நினைந்து, தாம் படித்த ஏட்டை மட்டும் உயர்வென நினைப்பான் ஒருவன், தான் நாள்தோறும் வழங்கும் சொல்லின் பொருளையே அறியாதவன் ஆவான். கல்வி நிறைந்த அவையினும் அறுவை நெய்யும் குழித்தறியினும் ஒப்ப வீற்றிருக்கும் பெருமான் ஒருவனே. அவனுக்கு நெய்வானது நூலும் கற்பானது நூலும் ஒன்றே; அடியார்க்கு ஆயினவழி இரண்டும் பூசையாம், தனக்கென்று ஆயினவழி இரண்டும் தளையாம்.